கிரெடிட்டுகள் காணாமற்போகும் இடம்: சமுதாயக் கல்லூரியிலிருந்து குற்றவியல் நீதிப் பட்டம் வரை

அமெரிக்காவில் காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் துறைக்குக் ‘குற்றவியல் நீதி’ என்று பெயர். காவலர், நன்னடத்தை அலுவலர், சிறை அலுவலர், புலனாய்வாளர், பாதிக்கப்பட்டோருக்கான உதவியாளர் எனப் பல பணிகளுக்கு இத்துறையின் பட்டம் வழிவிடுகிறது. காவல்துறையின் கெடுபிடிக்கு மிகுதியாக ஆளாகும் சமூகங்களிலிருந்து இப்பட்டத்தை நோக்கி வரும் மாணவர்கள் பலர் நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் நுழைவதில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள, கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாற முயல்கிறார்கள். அந்த மாற்றம் யாருக்குக் கைகூடுகிறது, யாருக்குக் கைநழுவுகிறது என்பது கல்வித்துறைக்குள் அடங்கும் நிர்வாகச் செய்தி மட்டுமன்று. நாளை வழக்கைப் பதிவு செய்யப்போகிறவரும், சிறையின் விதியை எழுதப்போகிறவரும், அவ்விதியைக் கேள்வி கேட்கப்போகிறவரும் யார் என்பதை அது தீர்மானிக்கிறது.

சாதியின் பெயரால் காவல் நிலைய வாசலில் நிறுத்தப்பட்ட வரலாறு உடைய நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் இருக்க முடியாது. இந்தியாவின் புதிய கல்விக் கொள்கை இதே ஏற்பாட்டின் ஒரு வடிவத்தை இங்கும் கொண்டுவந்திருக்கும் நிலையில், அது எங்கே உடைகிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கு உடனடித் தேவை.

மறுப்பு என்று சொல்லாத மறுப்பு

அமெரிக்க உயர்கல்வியில் ஒவ்வொரு பாடத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ‘கிரெடிட்’ வழங்கப்படுகிறது. பருவமுறைப்படி ஏறத்தாழ 120 கிரெடிட் சேர்ந்தால் இளநிலைப் பட்டம். அதில் பாதியைச் சமுதாயக் கல்லூரியிலும் மீதியைப் பல்கலைக்கழகத்திலும் ஈட்டலாம் என்பதே ஏற்பாடு. ஆனால் மாணவர் கொண்டுவரும் கிரெடிட்டில் எது செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்திடம் இருக்கிறது.

இதன் விளைவை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017-இல் கணக்கிட்டது. 2004 முதல் 2009 வரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்கள், தாங்கள் ஈட்டிய கிரெடிட்டில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. சமுதாயக் கல்லூரியில் சேர்வோரில் மிகப் பெரும்பாலோர் இளநிலைப் பட்டம் பெறும் நோக்கத்துடனேயே சேர்கிறார்கள். ஆயினும் 2015-இல் சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் அப்பட்டத்தைப் பெற்றவர்கள் 16 விழுக்காட்டினரே என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கறுப்பின மாணவர்களிடையே இது 9 விழுக்காடு; லத்தீன் மாணவர்களிடையே 13 விழுக்காடு.

இம்மாணவர்களில் எவரிடமும் “உனக்கு இங்கே இடமில்லை” என்று எவரும் சொல்லவில்லை. “இந்தப் பாடம் எங்கள் பாடத்துக்கு இணையானதன்று” என்று மட்டுமே சொல்லப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் நேர்காணல் அறைகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்முறை புதிதன்று. ஒதுக்கீட்டுப் பணியிடங்களை நிரப்பாமல் விடுவதற்கு “தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை” என்ற ஒற்றை வரி போதுமானதாக இருக்கிறது. அதில் சாதியின் பெயர் இராது; வெறுப்பின் தடயம் இராது; மேல்முறையீட்டுக்கான பிடிமானமும் இராது. விருப்புரிமை அதிகாரம் எங்கே காரணம் கூறும் கடமையின்றி இயங்குகிறதோ, அங்கே விலக்கல் தன் முகத்தைக் காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

ஒரே பெயரில் இரண்டு பட்டங்கள்

குற்றவியல் நீதித் துறையில் இவ்விழப்பு கூடுதலாக நேர்வதற்கு அத்துறைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பொதுச் சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பல, ‘நீதி நிர்வாகம்’ என்ற பெயரில் இரண்டு விதமான இணைநிலைப் பட்டங்களை வழங்குகின்றன. ஒன்று, உள்ளூர்க் காவல் வேலைவாய்ப்பை நோக்கிய தொழிற்பட்டம். மற்றொன்று, மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே வகுக்கப்பட்ட மாற்றப் பட்டம். இரண்டுக்கும் பெயர் ஏறத்தாழ ஒன்றே. பாடங்கள் சிலவும் ஒன்றே. செல்லும் இடம் வேறு.

தொழிற்பட்டத்தில் ரோந்து முறைகள், அறிக்கை எழுதுதல் போன்ற பாடங்களும் காவல் பயிற்சிக்கழகப் பயிற்சியும் இடம்பெறும். இவற்றுக்கான கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றாலும் பெரும்பாலும் விருப்பப் பாடக் கணக்கில்தான் ஏற்கும். பட்டத்துக்குக் கட்டாயமான பாடங்களின் இடத்தை அவை நிரப்பா. குற்றவியல் சட்டம் போன்ற பாடத்திலும் சிக்கல் எழுவதுண்டு. சமுதாயக் கல்லூரி அதைத் தொடக்க நிலைப் பாடமாகக் கற்பிக்க, பல்கலைக்கழகம் அதையே மேல்நிலைப் பாடமாக வைத்திருந்தால், மாணவர் அதே சட்டத்தை இன்னொரு முறை கட்டணம் செலுத்திப் படிக்க நேரலாம். மாற்றப் பட்டத்திலோ குற்றவியல் நீதி அறிமுகம், குற்றவியல் சட்டக் கோட்பாடுகள் ஆகியவற்றுடன் சமூகவியல், புள்ளியியல், உளவியல் போன்றவற்றுக்கும் இடமுண்டு. இந்த வேறுபாட்டை முதற்பருவத்திலேயே எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். கல்லூரி சென்றவர் எவரும் இல்லாத வீட்டிலிருந்து, வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வருகிற மாணவருக்கு அந்த ஒருவர் வாய்க்காமல் போவதே வழக்கம்.

இழப்பின் விலையைப் பணத்தில் பார்க்கலாம். கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரியில் ஒரு கிரெடிட்டுக்கான கட்டணம் 46 டாலர். 60 கிரெடிட்டுக்கு 2,760 டாலர். மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2024–25-ஆம் கல்வியாண்டுக்கான கற்பிப்புக் கட்டணம் மட்டுமே 6,084 டாலர். ஆக, இழந்த கிரெடிட்டை ஈடுகட்டப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கூடுதலாகப் படிப்பவர், சமுதாயக் கல்லூரியின் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் செலுத்தியதைப்போல் இரு மடங்குக்கும் மேலாகச் செலுத்துகிறார். கூட்டாட்சி அரசின் பெல் உதவித்தொகைக்கும் வாழ்நாள் வரம்பு உண்டு. 12 முழுப் பருவங்களுக்குமேல் அது கிடைக்காது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு பாடமும் அந்த வரம்பிலிருந்து ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. பட்டத்துக்கு முன்பே உதவித்தொகை தீர்ந்துவிட்டால் ஏட்டில் அது ‘இடைநிற்றல்’ என்று பதிவாகும். நிற்க வைத்தது யார் என்பதற்கு அந்த ஏட்டில் பத்தி கிடையாது.

சலுகை உரிமையாக மாறியபோது

இந்நிலையை மாற்ற அம்மாநிலம் சட்டத்தின் துணையை நாடியது. 2010-இல் நிறைவேறிய எஸ்பி 1440 சட்டம் மாற்றப் பட்டத்தை உருவாக்கியது. 60 கிரெடிட்டில் அப்பட்டத்தை முடித்தவருக்குக் கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி. ஒத்த பாடப்பிரிவில் சேர்ந்தால் மேலும் 60 கிரெடிட்டில் இளநிலைப் பட்டம் பெற முடிய வேண்டும். ஏற்கெனவே படித்ததற்கு இணையான பாடத்தை மீண்டும் படிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2021-இல் வந்த ஏபி 928, இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவான ஒரே அடிப்படைப் பாடத்திட்டம் வேண்டும் என்றது. அதே ஆண்டின் ஏபி 1111, எல்லாச் சமுதாயக் கல்லூரிகளும் ஒரே பாடத்துக்கு ஒரே எண்ணை இட வேண்டும் என்றது. கிழக்குக் கரையில் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், தன் சமுதாயக் கல்லூரிகளைக் குற்றவியல் நீதிக்குப் பெயர்பெற்ற ஜான் ஜே கல்லூரியுடன் இணைத்து, தொடக்கத்திலேயே நான்காண்டுப் பாதையை வகுத்துக்கொடுக்கிறது.

இச்சட்டங்களின் சாரம் ஒன்றே. முன்பு துறைத்தலைவரின் கருணையாக இருந்தது இப்போது மாணவரின் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. இடஒதுக்கீட்டின் வரலாறு நமக்குக் கற்பித்ததும் இதுவே. நல்லெண்ணத்தை நம்பியிருந்த காலத்தில் திறக்காத கதவு, எழுதப்பட்ட விதியின் முன்புதான் திறந்தது.

ஆனால் உறுதிமொழிக்கும் எல்லை இருக்கிறது. இடம் உறுதி என்பது பல்கலைக்கழக அமைப்பில் எங்கேனும் ஓரிடம் என்பதே தவிர, விரும்பிய வளாகத்தில் விரும்பிய பாடப்பிரிவில் என்பதன்று. சில வளாகங்களில் குற்றவியல் நீதிக்கு இருக்கும் இடத்தைவிட விண்ணப்பங்கள் மிகுதி. அங்கே மதிப்பெண் வரம்பு உயர்கிறது. குழந்தையையோ முதிய பெற்றோரையோ விட்டு 300 கிலோமீட்டர் தள்ளிச் செல்ல முடியாத பெண்ணுக்கு, வேறொரு நகரில் உறுதி செய்யப்பட்ட இடம் இல்லாத இடமே. உரிமை முழுமையடைய வேண்டுமானால் அது மாணவர் வாழும் ஊரில் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும்.

காவலை வளர்க்கவா, காவலை ஆராயவா?

பாதை சீரானாலும் அது எங்கே கொண்டுசேர்க்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. இத்துறை நீதியைத் தேடிப் பிறந்ததன்று. 1967-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த குழு, காவலர்கள் இறுதியில் இளநிலைப் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கறுப்பினக் குடியிருப்புகள் காவல் வன்முறைக்கு எதிராகக் கொந்தளித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1968-இன் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியாகக் காவலர் கல்விக்குக் கூட்டாட்சிப் பணம் பாய்ந்தது. காவல் பணியில் நீடிப்பவர்களுக்குப் படிப்புக் கடன் தள்ளுபடியாயிற்று. அப்பணத்தை எதிர்நோக்கி நாடெங்கும், குறிப்பாகச் சமுதாயக் கல்லூரிகளில், காவல் பாடப்பிரிவுகள் முளைத்தன. 1978-இல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய தேசிய ஆய்வறிக்கை, இவற்றில் பல கல்வியாக அன்றிக் குறுகிய தொழிற்பயிற்சியாகவே இருப்பதைச் சாடியது.

காவலை ஆராயத் துணிந்த துறைக்கு நேர்ந்தது வேறு. பெர்க்கிலி வளாகத்தின் குற்றவியல் பள்ளியில் பால் தகாகி என்ற பேராசிரியர் இருந்தார். ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே இரண்டாம் உலகப்போரின்போது மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். காவலரால் கொல்லப்படும் கறுப்பின ஆண்களின் விகிதம் வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை 1974-இல் அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே அவர் எடுத்துக்காட்டினார். அதிகாரத்தைக் கேள்வி கேட்ட குற்றவியலாளர்களின் களமாக மாறியிருந்த அப்பள்ளி 1976-இல் மூடப்பட்டது.

சமுதாயக் கல்லூரிக்கோ இதற்கு மாறான மரபும் உண்டு. ஓக்லாந்தின் மெரிட் கல்லூரியில் படித்த ஹூயி நியூட்டனும் பாபி சீலும் 1966-இல் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். சட்ட நூலைக் கையில் ஏந்திக் காவல் வண்டிகளைப் பின்தொடர்ந்து, தடுத்து நிறுத்தப்பட்டவருக்கு அவரது உரிமையை எடுத்துச்சொன்னார்கள். நியூட்டன் பின்னர் சாண்டா குரூஸ் வளாகத்தில் படித்து, தம் இயக்கத்தின்மீது அரசு ஏவிய அடக்குமுறையையே ஆய்வுப் பொருளாக்கி 1980-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1972-இல் மும்பையில் நாம்தேவ் டசாலும் ஜெ. வி. பவாரும் ராஜா டாலேயும் தொடங்கிய தலித் சிறுத்தைகள் அமைப்பு தன் பெயரை அக்கட்சியிடமிருந்தே பெற்றது. காவலை ஆராயும் கல்வி சமுதாயக் கல்லூரியின் வகுப்பறைக்கு அந்நியமானதன்று என்பதற்கு இந்த வரலாறே சான்று.

சிறையிலிருந்து வந்த மரபும் ஒன்றுண்டு. ஆயுதக் கொள்ளைக்காக சோலிடாட் சிறையில் ஐந்தாண்டுகள் கழித்த ஜான் இர்வின், விடுதலைக்குப் பின் படித்துச் சமூகவியல் பேராசிரியரானார். சிறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருவோருக்காக ‘புராஜெக்ட் ரீபவுண்ட்’ என்ற திட்டத்தை அவர் 1967-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார். இன்று அது மாநிலப் பல்கலைக்கழகத்தின் பல வளாகங்களில் இயங்குகிறது. 1994-இல் சிறையாளிகளுக்கு நிறுத்தப்பட்ட பெல் உதவித்தொகை 2023 ஜூலையில் மீட்கப்பட்டது. எனவே குற்றவியல் நீதி வகுப்பில் காவலராக விரும்புகிறவரும் சிறையிலிருந்து திரும்பியவரும் அருகருகே அமர முடிகிறது. ஆனால் கடுங்குற்றத் தண்டனை பெற்றவர் கலிஃபோர்னியாவில் காவலராக முடியாது. வேலைவாய்ப்பை மட்டுமே இலக்காகக் காட்டும் பாடத்திட்டத்தில் அவருக்கு இடமில்லை. நீதியை ஆராயும் பாடத்திட்டத்தில் மட்டுமே அவருக்கு வேலை இருக்கிறது.

2021-இல் நிறைவேறிய ஏபி 89 சட்டம், காவலர் பணிக்கான குறைந்தபட்ச வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தியதோடு, நவீனக் காவல் பட்டம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பைச் சமுதாயக் கல்லூரிகளின் தலைமையிடம் ஒப்படைத்தது. அப்பட்டம் ஷெர்மன் சாடிய பழைய தொழிற்பயிற்சியாகவே அமையுமா, தகாகியின் கேள்விகளுக்கும் இடம் தருமா என்பதில்தான் அச்சீர்திருத்தத்தின் பொருள் அடங்கியிருக்கிறது.

சாதி அந்த வகுப்பறையிலும் இருக்கிறது

இப்பாதையில் தலித்துகளும் நடக்கிறார்கள். முதுநிலைப் படிப்புக்காக விமானமேறும் மாணவர்கள் மட்டுமே அமெரிக்காவின் தலித்துகள் அல்லர். கலிஃபோர்னியாவில் பஞ்சாபின் ரவிதாசியக் குடும்பங்களும் நேபாளத் தலித் குடும்பங்களும் வாழ்கின்றன. ஈக்குவாலிட்டி லேப்ஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், கல்வி நிலையங்களில் பாகுபாட்டைச் சந்தித்ததாக மூன்றில் ஒரு தலித் மாணவர் கூறியிருந்தார்.

பிரேம் பரியார் உள்ளிட்ட தலித் மாணவர்களின் இடைவிடாத முயற்சியால், 2022 ஜனவரியில் கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அன்றிருந்த 23 வளாகங்களுக்கும் அது பொருந்தியது. அதை எதிர்த்து இந்திய வம்சாவளிப் பேராசிரியர் இருவர் தொடுத்த வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது. 2023 செப்டம்பரில் ஃபிரெஸ்னோ நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால் மாநிலம் முழுமைக்கும் அப்பாதுகாப்பைத் தந்திருக்கக்கூடிய எஸ்பி 403 மசோதாவை அடுத்த மாதமே ஆளுநர் நியூசம் நிராகரித்தார்.

இதன் விளைவாக ஓர் இடைவெளி நிற்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் கொள்கை தன் வளாகங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். பயணம் தொடங்கும் சமுதாயக் கல்லூரிகள் தனித்தனி மாவட்ட வாரியங்களின் ஆளுகையில் இருப்பவை. அவற்றை அக்கொள்கை கட்டுப்படுத்தாது. அதாவது பெயர் சொல்லி வழங்கப்பட்ட பாதுகாப்பு, மாணவர் மாறிச் சென்ற பிறகே அவரை வந்தடைகிறது.

கொள்கையில் ஒரு சொல் இடம்பெற்றால் மட்டும் போதாது என்பதையும் நாம் அறிவோம். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கடுமையானது. ஆயினும் முதல் தகவல் அறிக்கையை எழுத மறுக்கும் காவல் நிலையத்தின் முன் அது ஒவ்வொரு நாளும் தோற்கிறது. குடும்பப் பெயரைக் கேட்பதும், ஊரையும் கோயிலையும் கேட்பதும் எப்படிச் சாதியைக் கேட்பதாகிறது என்று தெரியாத விசாரணை அலுவலர் சாதிப் புகாரை எப்படி விசாரிப்பார்? அதை அறிந்த அலுவலர்கள் உருவாக வேண்டிய வகுப்பறைகளில் ஒன்று இந்தக் குற்றவியல் நீதி வகுப்பறை. ஃபிரெஸ்னோவில் இதற்கான வாய்ப்பு ஒரே ஊரில் அமைந்திருக்கிறது. 1910-இல் தொடங்கிய, மாநிலத்தின் முதல் சமுதாயக் கல்லூரி அங்கே காவல் பயிற்சிக்கழகம் நடத்துகிறது. மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிரெஸ்னோ வளாகம் பாதிக்கப்பட்டோர் இயலையும் உள்ளடக்கிய குற்றவியல் துறையை நடத்துகிறது. நகரச் சட்டத்தில் சாதி இருக்கிறது. இம்மூன்றையும் பாடத்திட்டத்தில் இணைப்பதே அடுத்த பணி.

இங்கே கேட்க வேண்டியவை

இந்தியாவில் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் 2021-இல் வந்த கிரெடிட் வங்கி விதிகளும், ஓராண்டில் சான்றிதழுடனும் ஈராண்டில் பட்டயத்துடனும் வெளியேறி, பின்னர் வேறு நிறுவனத்தில் மீண்டும் சேரலாம் என்கின்றன. வெளியேறும் வழி யாருக்குப் பயன்படும் என்பதில் ஐயமில்லை. கட்டணம் கட்ட முடியாதவர்களே முதலில் வெளியேறுவார்கள். மீண்டும் நுழையும் வழி உரிமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. கிரெடிட்டைச் சேமிக்க வங்கி இருப்பது வேறு. அதை ஏற்றே ஆக வேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்கு இருப்பது வேறு. அமெரிக்க மாணவர்கள் இழந்த 43 விழுக்காடு இந்த இரண்டுக்கும் இடையில்தான் காணாமற்போனது.

மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியலினத்தார் இந்தியச் சிறைகளில் ஐந்தில் ஒருவர் என்ற அளவில் அடைபட்டிருக்கிறார்கள். சிறைக்குள் சாதியின் அடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவிக்க 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர். இத்தகைய கேள்விகளை எழுப்பும் அறிவு குற்றவியல் துறைகளின் உள்ளிருந்தே பிறக்க வேண்டுமானால், அத்துறைகளுக்குள் நம் பிள்ளைகள் முழுப் பட்டத்துடனும் ஆய்வுடனும் இருக்க வேண்டும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஏற்கப்பட்ட நிறுவனத்தில் ஈட்டிய கிரெடிட்டை மறுக்கும் பல்கலைக்கழகம் எழுத்துப்பூர்வமாகக் காரணம் கூற வேண்டும். அதன்மீது மேல்முறையீடு செய்யக் காலவரையறையுடன் கூடிய அமைப்பு வேண்டும். மீண்டும் சேரும் நிலையிலும் இடஒதுக்கீடு பொருந்த வேண்டும். கல்வி உதவித்தொகை நிறுவனத்தை அன்றி மாணவரைப் பின்தொடர வேண்டும். மறுக்கப்பட்ட கிரெடிட்டின் கணக்கைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். குற்றவியல் பாடத்திட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாயப் பாடமாக வேண்டும். இவை சட்டத்தில் எழுதப்படுவதற்கு முன்பே முதல் அணி மாணவர்கள் சான்றிதழுடன் வெளியேறிவிட்டால், அவர்களும் ‘இடைநின்றோர்’ பட்டியலிலேயே எழுதப்படுவார்கள்.